அரசியலும் மதமும் பேசும் பாட்காஸ்ட்களைக் கேட்டால் ஏதாவது புரியுமா, வெறும் வாய்ச்சண்டைதானா?

கேள்வி கேட்டவர் மலேசியர் போலிருக்கிறது. அரசியல், மதம், பண்பாடு, நாட்டு நடப்பு பேசும் பாட்காஸ்ட்கள் குவிந்து கிடக்கின்றன, எதைக் கேட்பது, கேட்டால் பயன் உண்டா என்கிறார்.

பயன் உண்டு. ஆனால் முதலில் சென்னைப் பாட்காஸ்ட்களை விட்டு வெளியே வாருங்கள்.

எனக்கு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பூக்கடை. மாலை கட்டும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அதனால் கடை திறந்ததிலிருந்து ஏதாவது பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. தமிழ்நாட்டில் யார் யாரோடு கூட்டணி, விஜய் கட்சி யார் ஓட்டைப் பிரிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். நம்ம தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். அங்கே நமக்கு ஓட்டும் இல்லை, வரியும் இல்லை. கிரிக்கெட் பார்க்கிற மாதிரி பார்த்து ரசியுங்கள், தப்பே இல்லை. நாட்டு நடப்பு தெரிந்துகொண்ட கணக்கில் மட்டும் அதை எழுதாதீர்கள்.

நம் நாட்டு விவகாரம் வேண்டுமென்றால் மலாயில் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கும் அது சிரமமே இல்லை. ‘கெலுவார் செகெஜாப்’ என்ற பாட்காஸ்ட் பலருக்கும் தெரிந்திருக்கும். கைரி ஜமாலுடினும் ஷாரில் ஹம்டானும் நடத்துவது. 2023 ஜனவரியில் மலாய்க்காரர்களின் பெரிய கட்சியான அம்னோ கைரியைக் கட்சியை விட்டே நீக்கியது, ஷாரிலை ஆறு வருடத்துக்கு இடைநீக்கம் செய்தது. அதற்கப்புறம் இருவரும் மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருந்து வந்தவர்கள் என்பதால் அமைச்சரவை எப்படி ஓடுகிறது, கட்சிக்குள் யார் யாரை இழுக்கிறார்கள் என்பதை வெளியாட்களைவிட நன்றாகச் சொல்கிறார்கள். அதே காரணத்துக்காகக் கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். கைரி அமைச்சராக இருந்தவர், நாளைக்கே மறுபடி தேர்தலில் நிற்கலாம். அப்புறம், நான் கேட்டவரை தோட்டப்புறம் அவர்கள் பேச்சில் தலைகாட்டுவது அபூர்வம். ஆங்கிலம் ஓடும் என்றால் பிஎஃப்எம் 89.9 வானொலியின் உரையாடல்களையும் இணையத்தில் கேட்கலாம். பொருளாதாரம் அவர்களுக்குக் கைவந்த கலை.

எதைக் கேட்டாலும் முழுசாகக் கேளுங்கள். கொஞ்ச நாள் முன்பு ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் வந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஓர் அரசியல்வாதி, “கோயிலுக்குப் பணம் கொடுக்க முடியாது” என்கிறார். அக்காவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பக்கத்தில் ரோஜா எடுக்க வந்தவருக்கும் கொதித்துவிட்டது. கடையிலேயே முழு நிகழ்ச்சியையும் தேடிப் போட்டோம். “பதிவு இல்லாமல், கணக்கும் காட்டாமல் இருந்தால்” என்று அதற்கு முந்தின மூச்சில் சொல்லியிருக்கிறார். அந்த வரி பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். சண்டை போடுவதானால் முழு வரியோடு போடலாம் அல்லவா? அக்கா, “சரி, அப்படியும் அவன் பேசினது சரியில்லை” என்று சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போனார். அதுவும் நியாயமான கருத்துதான்.

மதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே அதைத் திறந்து பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 1948-இன் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. இணையத்தில் மிக மோசமாகப் பேசுவதைக் குற்றமாக்கும் 233-ஆவது பிரிவும் 1998-இன் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இருக்கிறது. இனம், மதம், ஆட்சியாளர் என்ற மூன்றையும் தொடும்போது பேசுகிறவர் குரல் தானாகவே இறங்கும். பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் சட்டத்தை விளக்க யாரும் தடை போடவில்லை. நீளமான உரையாடல் உருப்படியாக உதவுவது அங்கேதான்.

ஈப்போவில் இந்திரா காந்தி என்ற இந்துத் தாய் நடத்திய வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் இஸ்லாத்துக்கு மாறிய கணவர், அம்மாவைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். தாயும் தந்தையும் இருவருமே சம்மதிக்க வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இடையில் ஏன் இத்தனை வருடம் ஓடியது? 1988-இல் அரசியலமைப்பில் 121(1A) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். முஸ்லிம்களுக்கான ஷரியா நீதிமன்றத்தின் வரம்பில் வரும் விவகாரத்தில் உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அது. அப்படியானால் ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து என்றால் எந்த வாசலுக்குப் போவது? இதை ஒரு வழக்கறிஞர் நிதானமாகச் சொல்லக் கேட்டால் பிடிபடும். நாற்பது வினாடி டிக்டாக்கில் கோபம்தான் மிஞ்சும்.

என் பெரிய குறை வேறு. எங்கள் ஊர்ப் பேச்சு எந்த மொழியிலும் சரியாக வருவதில்லை. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. வரலாறு பேசும் நிகழ்ச்சிகள் இதைத் துரைமார்களுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நடந்த கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. அப்போது ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய தமிழர்கள், சீனர்கள், அவர்களுடைய தொழிற்சங்கம் எல்லாம் எங்கே? மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பெயரைத் தெரியாத இளைஞர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இந்தியர் காங்கிரஸ் கட்சித் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் அப்படித்தான். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கிய கதை அது. 1924-இலிருந்து வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. இதையெல்லாம் எழுத இடமும் குறைந்துவிட்டது.

எனவே கேட்பதோடு நிற்காமல் நீங்களே ஒன்று ஆரம்பிக்கலாம். அந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் கட்டியவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. கைப்பேசியும் மின்விசிறி ஓடாத ஓர் அறையும் இருந்தால் போதும். தாத்தா பாட்டி பேசும்போது குறுக்கே புகுந்து உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். சென்னைப் பாட்காஸ்ட்காரர்களிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான், விருந்தாளியைவிடக் கேள்வி கேட்பவர்தான் அதிகம் பேசுகிறார்.