இரண்டு வாரத்தில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் ஆசிரியருக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். டிசம்பர் விடுமுறையில் தோழிகளுடன் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போய், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பாடம் நடத்த ஆசை. பழைய ஐபேடுகளும் சேர்த்து வருகிறோம். “போட்டோ எடுத்துக்கிட்டு வரப் போறீங்க, அவ்வளவுதான்” என்கிறார் அண்ணன். போகலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் பாடம் நடத்துவதைப் பிள்ளைகளின் ஆசிரியருக்கே விட்டுவிட்டு, அவருக்குத் துணையாகப் போங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு புது முகத்துக்குப் பழக எவ்வளவு நாள் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பழகி முடிக்கும்போது நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஆசிரியர் அங்கேயே இருப்பவர்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார், ஆனால் அவர் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும். அவர் வராத நாட்களில் முப்பது, நாற்பது பிள்ளைகளோடு அந்தப் பிள்ளையையும் பார்த்துக்கொள்பவர் வகுப்பாசிரியர். உங்கள் அனுபவம் போய்ச் சேர வேண்டியது அவரிடம்தான். இங்கேயும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் கட்டாயக் கல்விக்குள் முழுமையாக வந்தது 2019இல்தான். நாம் எல்லாம் முடித்துவிட்டுக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் அல்ல.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குப் படங்களால் வரிசையாகக் காட்ட நீங்கள் தினமும் செய்யும் பட அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து அச்சடித்துக் கொண்டுபோனால் அதில் எம்ஆர்டி ரயிலும் பள்ளி கேன்டீனும்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சத்துணவுத் தட்டு, குழாயடி, பள்ளி மணி, கழிவறைக் கதவு. அங்கே போய் ஆசிரியரோடு உட்கார்ந்து, அந்தப் பொருள்களையே படமெடுத்து, லேமினேட் செய்து, தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஓர் அட்டை கிழிந்தால் அவரே புதிதாகச் செய்துகொள்வார். ஐபேடு கெட்டால் அந்த ஊரில் யார் சரிசெய்வது? அதை விட்டுவிடுங்கள்.

டிசம்பர் சரிவராது. தமிழ்நாட்டில் அது அரையாண்டுத் தேர்வு மாதம், கடைசி வாரம் விடுமுறை. நமக்கு நவம்பர் பிற்பாதியிலேயே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், அப்போதே கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழை சமயம் என்பதால் மழை விடுமுறை வரலாம், இரண்டொரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக அரசுப் பள்ளிக்குள் போய் நிற்காதீர்கள், அனுமதி வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் அதைக் கட்டியெழுப்பினார். முதலில் அவர்களுக்கு எழுதி, என்ன தேவை என்று கேளுங்கள். சுற்றுலா விசா போதுமா என்பதையும் விசாரியுங்கள். இங்கே சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனமும் தொண்டூழியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது, அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பெற்றோர் சரி என்றாலும் வேண்டாம். வெளியூரிலிருந்து உதவ வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

திரும்பி வந்த பிறகு, மாதம் ஒருமுறை அந்த ஆசிரியரை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். நமக்கு இரவு 8 மணி என்றால் அங்கே மாலை 5.30, பள்ளி முடிந்திருக்கும். எந்த அட்டை பயன்படுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்று கேளுங்கள். அடுத்த ஆண்டும் போவதாக இருந்தால் அதே பள்ளிக்கே போங்கள்.