அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, தீவுக்குப் பெர்மிட் யார் எடுப்பது?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வீடு களியக்காவிளை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா அம்மாவின் 40-வது கல்யாண நாளுக்காகக் குடும்பத்தில் எட்டுப் பேர் லட்சத்தீவு போகிறோம். கொச்சியில் ஒரு பாய்மரப் படகை ஆட்களோடு சேர்த்து ஏழு நாளுக்கு மொத்தமாக வாடகைக்குப் பேசினேன். டிசம்பர் 26 அன்று கிளம்ப வேண்டும். மொத்தம் 6,40,000 ரூபாய். கடை அக்கவுன்ட்டிலிருந்து 1,60,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் '7 நாள், 5 தீவு: அகத்தி, பங்காரம், கவரத்தி, கல்பேனி, மினிக்காய்' என்று இருந்தது. பணம் போன பிறகுதான் நாலு பக்க ஒப்பந்தம் வந்தது. கேன்சல் செய்தால் அட்வான்ஸ் முழுவதும் போகும், வானிலையால் படகு கிளம்பாவிட்டாலும் பணம் திரும்பாது, பெர்மிட் எடுப்பது பயணிகளின் பொறுப்பு, வழக்கு என்றால் எர்ணாகுளத்தில் மட்டும் என்று அதில் இருக்கிறது. மீதிப் பணத்தோடு 1,00,000 டெபாசிட்டும் அக்டோபர் கடைசிக்குள் கேட்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதற்கிடையே தூத்தூர் மாமா, 'ஆள் எதுக்கு, படகை நானே ஓட்டுறேன், சம்பளக் காசு மிச்சம்' என்கிறார். துபாயில் இருக்கும் அத்தான் சேட்டிலைட் போன் கொண்டு வருகிறேன் என்கிறார். அக்கா, அத்தான் மகளுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அட்வான்ஸைத் திரும்ப வாங்க முடியுமா, அல்லது துணிந்து போகலாமா?

பதில்: கையெழுத்துப் போடவில்லை என்கிறீர்களே, முதலில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு நிபந்தனை நீட்டினால், அது உங்களை அப்படியே கட்டுப்படுத்தாது. இன்றைய தேதிக்கு உங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம் அந்த நாலு பக்கம் இல்லை. பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் பேசினீர்களே, அந்த விளம்பரமும் அந்த உரையாடலும்தான் ஒப்பந்தம். மீதிப் பணத்தை அனுப்பினாலோ 'ஓகே' என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலோ, நீங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் சொல்ல வழி கிடைத்துவிடும். ஆகவே இரண்டையும் செய்யாதீர்கள். அந்தப் போனையும் மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இந்த மாதிரிப் பதிவுகளைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அது எளிது.

அடுத்து பெர்மிட். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். லட்சத்தீவுக்காரர் அல்லாத யாரும், இந்தியராகவே இருந்தாலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்க முடியாது. 1967-ல் வந்த விதிகள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. கொச்சி வெலிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது, ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். உங்கள் முகவரி தமிழ்நாடு என்பதால் அதை இங்கேதான் வாங்க வேண்டும், கடை பாறசாலையில் இருக்கிறது என்று அங்கே போய் நிற்காதீர்கள். எட்டுப் பேருக்கும் தனித்தனியாக வேண்டும் என்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். அக்கா மகள் விஷயம் வேறு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு எல்லாத் தீவும் திறந்திருப்பதில்லை. அகத்தி, பங்காரம், கத்மத் போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி. கவரத்தியில் நீங்கள் எல்லாரும் இறங்கிப் போக, அந்தப் பிள்ளை மட்டும் படகில் உட்கார்ந்திருக்கிற நிலை வரக்கூடாது அல்லவா? விண்ணப்பிக்கும்போதே அவள் பாஸ்போர்ட் நகலைக் காட்டி, எந்தெந்தத் தீவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் பெர்மிட் உங்கள் பொறுப்பு என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய நிபந்தனைதான். ஆனால் அந்தப் படகு தீவுகளுக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் அல்லவா, அது அவர்கள் கையில் இருக்க வேண்டியது. அதன் நகலைக் கேளுங்கள். கூடவே படகின் பதிவுச் சான்று, தகுதிச் சோதனைச் சான்று, எத்தனை பயணிகளுக்கு என்று எண் போட்ட இன்சூரன்ஸ் பாலிசி, இந்த மூன்றையும் கேளுங்கள். காயலிலும் ஆற்றிலும் ஓடுகிற படகுகளுக்கு 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் கொடுக்கிற சான்று வெளிக்கடலுக்குச் செல்லாது. சான்று இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டினால், எந்தத் தண்ணீருக்கு என்று பார்க்க வேண்டும். 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் கவிழ்ந்த உல்லாசப் படகில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது என்பது பிறகுதான் வெளியே வந்தது. காகிதம் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

உங்கள் மாமா ஆழ்கடலில் பல வருஷம் கழித்தவராக இருப்பார், தூத்தூர்க்காரர்களின் கடல் அறிவைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்சூரன்ஸ்காரர் சான்றிதழைத்தான் பார்ப்பார். படகை ஓட்டும் உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்து ஒரு பாறையில் தட்டினால், ஒரு லட்சம் டெபாசிட் போவதோடு முழுப் படகின் விலையும் உங்கள் தலையில் விழும். மாமா விருந்தாளியாகவே வரட்டும்.

சரி, அந்த விளம்பரத்துக்கு வருகிறேன். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொச்சியிலிருந்து கவரத்தி 404 கிலோமீட்டர். பாய்மரப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஆறு நாட் போகும் என்று வைத்துக்கொண்டாலும், அது 11 கிலோமீட்டர்தான். போக 36 மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. ஏழு நாளில் மூன்று நாள் கரையே தெரியாத கடலில் போய்விடும். மீதி நாலு நாளில் ஐந்து தீவு. அதில் மினிக்காய் மற்றத் தீவுகளை விட்டுத் தனியே தெற்கே கிடக்கிறது. கல்பேனிக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடல், அதாவது இன்னொரு முழு நாள். அவர்கள் எழுதியிருக்கும் பயணம் அந்தப் படகில் நடக்காது. சட்டத்தில் இதற்குப் பெயர் தவறான விளம்பரம், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை வரையறுத்தே வைத்திருக்கிறது. 'எந்தெந்த நாள் எந்தத் தீவு, எத்தனை மணி நேர ஓட்டம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்களால் எழுத முடியாது. எழுத முடியாததே உங்களுக்கு ஆதாரம். அப்புறம், அப்பா அம்மாவை ஒன்றரை நாள் அலையில் வைப்பது பற்றியும் யோசியுங்கள். இது சட்டம் சாராத வார்த்தை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி அட்வான்ஸ். 'முழுவதும் போகும்' என்று எழுதிவிட்டால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் எடுக்க முடியாது. 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நஷ்டம் ஏற்பட்டால்தான் பிடித்தம். கிளம்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போதே விலகினால் அதே நாளுக்கு அந்தப் படகை வேறு ஒருவருக்கு விட முடியும், கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் கேட்க ஆள் இருக்கும். அப்படி விட்டுவிட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். டிசம்பர் 20-க்கு மேல், 'மனசு மாறிவிட்டது' என்று விலகினால், கணிசமான பகுதியை நீங்கள் இழக்க வேண்டி வரும். அப்போது நியாயம் அவர்கள் பக்கம்.

பெர்மிட் கிடைக்காமல் போனால்? உங்கள் தவறு எதுவும் இல்லாமல் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர 65-வது பிரிவு. ஆனால் நீங்கள் தாமதமாக விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனால் இந்தப் பிரிவுகள் கைகொடுக்காது. அதனால்தான் இந்த வாரமே என்றேன்.

வழக்கு எங்கே போடுவது என்ற கேள்விதான் எல்லையில் இருக்கிற நமக்கு எப்போதும் குழப்பம். எர்ணாகுளம் மட்டும் என்ற வரியைக் கண்டு பயப்படாதீர்கள். நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கிற இடத்திலோ வேலை செய்து சம்பாதிக்கிற இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்கிறது. உங்களுக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டம், ஆகவே நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். கடை பாறசாலை, ஆகவே திருவனந்தபுரம் ஆணையமும் திறந்திருக்கிறது. எர்ணாகுளம் மூன்றாவது வழி. ஒரே புகாரை இரண்டு மாநிலத்தில் போட முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நாகர்கோவிலைச் சொல்வேன், தமிழில் உங்கள் கதையை நீங்களே எழுந்து சொல்லலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் மலையாளப் பக்கம் இருந்தால் மட்டும் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, இன்றைக்கு உங்கள் 1,60,000 அதற்குள்தான் வருகிறது. காலக்கெடு இரண்டு வருஷம்.

இரண்டு இடத்தில் கால் இடறும், கவனம். கடை அக்கவுன்ட்டிலிருந்து பணம் போயிருப்பதால், 'இது வியாபார நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். ரசீதை உங்கள் பெயரில் கேளுங்கள், கடை பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்கி வரவு வைக்க நினைக்காதீர்கள். அப்பா அம்மா கல்யாண நாள் என்று நீங்கள் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதுவே நல்ல சாட்சி. இன்னொன்று, 'நிபந்தனை நியாயமற்றது, அதை ரத்து செய்யுங்கள்' என்று கேட்டால் அது மாவட்ட ஆணையத்தில் நிற்காது, அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். நாகர்கோவிலில் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம், பணத்தைத் திருப்பித் தா என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் படகே இல்லை என்று தெரியவந்தால் மட்டும் இது போலீஸ் விஷயம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். களியக்காவிளை ஸ்டேஷனில் 'அது கேரளா கேஸ்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டம் 173-வது பிரிவுப்படி எல்லை பார்க்காமல் தகவலைப் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

வானிலை நிபந்தனைக்கு மட்டும் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடம் தர மாட்டேன். கிளம்பாவிட்டாலும் பணம் திரும்பாது என்றால், புயல் எச்சரிக்கை வந்த காலையிலும் 'காசு போகுதே, போய்விடலாம்' என்று உங்கள் வாயே சொல்லும். 2017 நவம்பர் 30 நம் யாருக்கும் மறக்கவில்லை. ஒக்கிப் புயல் நம் கரையை அடித்துவிட்டு நேராக லட்சத்தீவுக்குத்தான் போனது. அதற்கடுத்த வாரங்களில் என் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கையில் மகனின் ஆதார் நகல், பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்தது. படகில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்த பட்டியல் எங்கும் இல்லை. காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் கொள்ள 7 வருஷம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி எழுதி வாங்குங்கள்: வானிலைத் துறையோ துறைமுக அலுவலகமோ எச்சரிக்கை விட்டால் படகு கிளம்பாது, பயணிகள் விருப்பப்படி வேறு தேதி அல்லது முழுப் பணம். கிளம்பும் முன் எட்டுப் பேர் பெயரும் படகு ஆட்கள் பெயரும் துறைமுக அலுவலகத்தில் கொடுக்கப்படும். பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு உடை இருக்கும். முடிந்தால் பயணத்தையே ஜனவரிக்கு மேல் தள்ளுங்கள்.

டெபாசிட்டுக்குச் சுருக்கமாக: ஏறும்போதும் இறங்கும்போதும் இரு தரப்பும் சேர்ந்து படகை வீடியோ எடுக்க வேண்டும், இறங்கி 7 நாளில் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். மீதித் தொகை பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதி ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். திருத்தித் தந்தால் போகலாம், நல்ல கடல் அது. தராவிட்டால் அதே கடிதத்தில் விலகுவதாகவும் அட்வான்ஸைத் திருப்பும்படியும் எழுதியிருக்க வேண்டும்.

தீவில் சிறுவர்கள் பவளத் துண்டைப் பொறுக்கிப் பையில் போடுவார்கள், விடாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, தண்டனை மூன்று வருஷத்தில் தொடங்குகிறது. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. சேட்டிலைட் போன் அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வருவதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடுவார். அத்தானுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், அது துபாய் வீட்டிலேயே இருக்கட்டும்.