முழங்கையைக் கவனித்தீர்களா?
வாசகர் கேள்விகளுக்குப் படக்கதை ஓவியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஆறாம் வகுப்பில், இரக்கத்தையும் சகிப்புத்தன்மையையும் பற்றிய படக்கதைகளைக் காட்டி வாசிக்கிறேன். ஆசையாகக் கேட்கிறார்கள். ‘கதையின் நீதி என்ன?’ என்றால், ‘எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும்’ என்று கோரஸாகப் பதில் வருகிறது. அடுத்த இடைவேளையிலேயே ஒரு பையனைக் கேலி செய்து அழ வைக்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறேன்? – ஓர் ஆசிரியை

அந்தக் கடைசிக் கேள்வியில்தான், டீச்சர். நீதி என்ன என்று கேட்டால் பிள்ளைகள் பரீட்சைக்குச் சொல்வதுபோல ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

படக்கதையில் முக்கியமான வேலை, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடுகிற வெள்ளை இடத்தில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் ஒருவன் பந்தை ஓங்குகிறான். அடுத்ததில் இன்னொருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பந்து பட்டதை நான் வரையவே இல்லை. எறிந்தது படிக்கிற பிள்ளைதான்! அதனால்தான் கொஞ்சம் சுருக்கென்று இருக்கிறது.

பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டம் வரைந்திருந்தேன். ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே. அவளுக்குப் பக்கத்துப் பையனின் முழங்கை நன்றாக விரிந்திருக்கும். வசனமே கிடையாது. ஒரு வகுப்பில் அதைக் காட்டியபோது, ஒரு பையன் முழங்கைமேல் விரலை வைத்து, “இவன் வேணும்னே வச்சிருக்கான்” என்றான். “இல்ல, எழுதுறதுக்காக வச்சிருக்கான்” என்றாள் இன்னொருத்தி. பெரிய வாக்குவாதம். நான் தீர்ப்பே சொல்லவில்லை. அடுத்தவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர்களாகவே தேடிக்கொண்டிருக்கும்போது நான் எதற்கு நடுவில்?

நீங்களும் வசன பலூன்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதே காட்சியை முழங்கைக்காரப் பையன் பக்கமிருந்து வரையச் சொல்லுங்கள். கேலி செய்கிறவனும் அந்த வகுப்பில்தானே இருக்கிறான்? அவனுக்கும் கதையில் ஓர் இடம் வேண்டும்.

கேள்வி: காமிக்ஸ் வெறும் பொழுதுபோக்குதானே, இவ்வளவு கனமான விஷயத்தைத் தாங்குமா? – ஒரு தந்தை

தாங்கியிருக்கிறது, ஐயா. அமெரிக்காவில், பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து மான்ட்கமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பையும், அதை முன்நின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றி 1957-இல் ஒரு சமாதான அமைப்பு 16 பக்கக் காமிக்ஸ் போட்டது. விலை 10 சென்ட். கடைசிப் பக்கங்களில், திருப்பி அடிக்காமல் போராடுவது எப்படி என்று விளக்கியிருந்தார்கள். காந்தியும் அதில் வருகிறார். இளம் வயதில் அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தன் போராட்ட வாழ்க்கையைச் சொல்லத் தேர்ந்தெடுத்ததும் படக்கதையைத்தான். மூன்று பாகங்களாக 2013 முதல் 2016 வரை வெளிவந்தது.

கேள்வி: என் மாணவர்களுக்காக நானே ஒரு கதை வரைகிறேன். கெட்டவனை எப்படிக் காட்டுவது?

எல்லோரையும் போலவே! கோணல் மூக்கு, கறுத்த தோல், பெருத்த உடம்பு, முகத்தில் ஒரு தழும்பு என்று பழக்க தோஷத்தில் கை போய்விடும். பொறுமையைப் போதிக்கிற கதைக்குள்ளேயே, ‘இப்படி இருப்பவன் கெட்டவன்’ என்ற பாடமும் ஓசைப்படாமல் போய்ச் சேர்ந்துவிடும். நான் புருவத்தையும் தோளையும் மட்டும்தான் மாற்றுவேன். அவை இரண்டும் கோபத்துக்குப் போதும்.

இன்னொன்று, பாதிக்கப்படுகிற பிள்ளையை எப்போதும் தலைகுனிந்தே வரையாதீர்கள். அவனுக்கும் கொஞ்சம் குறும்பு, பிடிவாதம், ஒரு மொக்கை ஜோக் கொடுங்கள். பரிதாபப்படுவதற்கென்றே ஒருவனை வரைவது எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிப்பட்டவனோடு எந்தப் பிள்ளைக்கு விளையாடத் தோன்றும்?

கேள்வி: எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பக்கம் புரட்டத் தெரிந்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: ‘இதெல்லாம் சின்னப் பசங்க புத்தகம்’ என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்களே?

சரி, படிக்கச் சொல்லாதீர்கள், வரையச் சொல்லுங்கள். இந்த வாரம் யாரோ ஒருவர் தனியாக நின்றதைப் பார்த்திருப்பார்கள் அல்லவா, அதை நான்கே கட்டங்களில். வரைய வராது என்பார்கள். குச்சி மனிதர்களே போதும் என்று சொல்லுங்கள்; பெயர் மட்டும் போட வேண்டாம்.