சர்க்கரை நோயும் சாக்லேட்டும்

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். சாக்லேட் ஆசையை விட முடியவில்லை. 'சுகர் ஃப்ரீ' வாங்கினால் கவலையில்லையா?

பதில்: சாக்லேட்டை அடியோடு விட வேண்டாம், அளவுதான் முக்கியம். 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 20 கிராமில் சுமார் 6 கிராம் சர்க்கரை. மில்க் சாக்லேட்டில் அதே எடைக்கு 10 கிராமை எட்டும். துண்டின் அளவு பாருக்குப் பார் மாறும். முதல் தடவை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். முழு பாரையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அளவு நிற்காது. தேவையானதை உடைத்துத் தட்டில் வைத்து, மீதியை உடனே எடுத்து வைத்துவிடுங்கள். மெல்லாமல் நாக்கில் கரையவிட்டால் கொஞ்சமே நிறைவு தரும். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து, அன்றைக்கு மாவுச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

'சுகர் ஃப்ரீ' உறையின் பின்பக்கம் மால்டிடால் என்ற இனிப்பூட்டியின் பெயர் இருந்தால் கவனம். அதுவும் சர்க்கரையை ஏற்றும், அதிகமானால் வயிற்றுப்போக்கு.

கேள்வி: சர்க்கரை திடீரென இறங்கினால் சாக்லேட் உதவுமா?

பதில்: உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம்.