மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு அப்பா அம்மாவோடு காரில்

தம்பி, மியூனிக் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், மனைவி, ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் வாடகைக் காரில் வெனிஸ் போகலாமா, எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை ஏதும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முத்திரை எதுவும் வேண்டாம். ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த எட்டு மாதம்தான்.

உங்களிடம் இந்திய லைசென்ஸ் மட்டும் இருந்தால் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் அது செல்லும். அதற்குப் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. சாதாரண அபராதச் சீட்டோடு போகாது, குற்ற வழக்கு. இந்திய லைசென்ஸை நேராக மாற்றித் தரவும் மாட்டார்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. ஜெர்மன் லைசென்ஸ் வாங்கிவிட்டீர்கள் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இன்ஸ்ப்ருக், பிரென்னர் கணவாய், வெரோனா வழியாகச் சுமார் 550 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஆறு மணி நேரம். ஆகஸ்ட் சனிக்கிழமை என்றால் பாதி ஐரோப்பா அதே சாலையில் இருக்கும். செவ்வாய், புதன் பார்த்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். ஆஸ்திரியாவுக்கு விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு, வேண்டும். வண்டி எண்ணைக் கொடுத்து, அந்நாட்டு நெடுஞ்சாலை நிறுவனமான ஆஸ்ஃபினாக்கின் இணையதளத்திலேயே வாங்கலாம். அதே மாதிரி தோற்றம் காட்டி அதிகப் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பிரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம், விக்னெட்டில் அது அடங்காது. இத்தாலியில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது காசு கட்ட வேண்டும். மஞ்சள் நிற டெலிபாஸ் வரிசையில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள், அது தானியங்கிக் கட்டணக் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது.

பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பெரியவர்களை அவ்வளவு தூரம் உட்கார வைக்க முடியாது. ஏழு பேர் வண்டியாக எடுங்கள். இத்தாலி போவதை வாடகைக் கம்பெனியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி எல்லை. போகும்போது எல்லை வந்ததே தெரியாது. ஒரு நீலப் பலகை, அவ்வளவுதான். அதனால்தான் நாம் அசந்துவிடுகிறோம். ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் திரும்பும் வழியில் 2015-இலிருந்து சோதனை நடக்கிறது. ஒரு வருடம் திரும்பி வரும்போது, எல்லை ஊரான கீஃபர்ஸ்ஃபெல்டன் பக்கத்தில் எங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். அம்மாவின் பாஸ்போர்ட் பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில் இருந்தது. மழையில் டிக்கியைத் திறந்து நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நாம என்னப்பா தப்பு செஞ்சோம்' என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், பத்து நிமிடத்தில் அனுப்பியும் விட்டார். ஆனாலும் வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை என்னால் தவிர்த்திருக்க முடியும். ஐந்து பேரின் அசல் பாஸ்போர்ட், உங்கள் மூவரின் குடியிருப்பு அட்டை, அப்பா அம்மாவின் காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு உங்கள் மனைவி கையில் கொடுங்கள். போனில் இருக்கும் படம் போதாது. அப்பா அம்மாவின் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) இத்தாலிக்கும் செல்லும். ஒரு நுழைவு விசாவாக இருந்தாலும் இந்தப் பயணத்தால் அது தீர்ந்துவிடாது.

மாத்திரை டப்பாவும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். பெரியவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். வெனிஸுக்குள் கார் ஓடாது. கரையில் இருக்கும் பக்கத்து ஊரான மெஸ்ட்ரேயில் நிறுத்திவிட்டு ரயில் ஏறினால் பத்து நிமிடம்தான்.

லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் மியூனிக்கிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. அதே பிரென்னர் வழிதான். ஜன்னலோர இருக்கையை அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள்.