பேக் வால்யூம்களை எடைக்குப் போடும் முன்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் பைண்டு செய்த பழைய ஆய்விதழ்கள் (பேக் வால்யூம்கள்) நான்கு அறைகளை அடைத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகம். “எல்லாம்தான் ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்விதழ்க் களஞ்சியத்தில் இருக்கிறதே, கழித்துவிடுங்கள்” என்கிறார் முதல்வர். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டிலும் இதே நிலைமை. மூவரும் சேர்ந்து ஒரு கிடங்கு கட்டலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் கிடங்கு வேண்டாம். உங்களுக்குத் தேவை ஓர் ஒப்பந்தம்தான்.

பின்லாந்தில் 1989இல் குவோபியோ நகரில் தேசியச் சேமிப்பு நூலகம் தொடங்கினார்கள். நூல்களை அங்கே அனுப்பும் நூலகம் அவற்றின் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அரசு நடத்துவதால் அது சரிப்படுகிறது. இருப்புப் பதிவேடும் தணிக்கையும் உள்ள தனித்தனிக் கல்லூரிகளுக்கு அது தலைவலி. 2007இல் பிரிட்டனில் தொடங்கிய ‘யுகே ரிசர்ச் ரிசர்வ்’ முறை உங்களுக்குப் பொருந்தும். பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்று, உறுப்பினர் பல்கலைக்கழகங்களில் இரண்டு என மூன்று பிரதிகள் நாட்டில் இருப்பது உறுதியான பிறகே மற்றவர்கள் தங்கள் பிரதியைக் கழிக்கலாம் என்று அதில் வகுத்தார்கள்.

நீங்களும் இதழ்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். யார் எதை, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று எழுதி, மூன்று முதல்வர்களும் கையெழுத்திடட்டும். வாய்ப்பேச்சோடு விட்டால், ‘அவர்களிடம் இருக்கும்’ என்று நம்பியே மூவரும் கழித்துவிடுவீர்கள். வைத்திருக்கும் தொகுதியின் கேட்டலாக் பதிவிலும் ‘கழிக்கக் கூடாது’ என்று குறியுங்கள். உங்களுக்குப் பின் வரும் நூலகருக்கு அது ஒன்றுதான் சாட்சி.

அடுத்த வேலை அலுப்பானது. தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள். வைத்துக்கொள்ளப்போகும் தொகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். முதுகில் 1 முதல் 12 வரை என்று பொன்னெழுத்தில் இருக்கும். உள்ளே ஏழாம் இதழ் இருக்காது. படத்தாள் இருந்த இடத்தில், தையலோரமாக, பிளேடால் அறுத்த விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பைண்டர்கள் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டிருப்பார்கள். குறையை மற்ற இரண்டு பிரதிகளிலிருந்து நிரப்பிய பிறகே அவற்றைக் கழியுங்கள்.

முதல்வரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஜேஸ்டோருக்குக் கட்டணத்தை நிறுத்தினால் அந்த வாசலும் அடைபடும். அதில் முழுமையாக உள்ள இதழ்களைக் கழிப்பதில் எனக்குத் தயக்கமில்லை, மூவரில் ஒருவரிடம் நல்ல பிரதி இருந்தால். சிறு சங்கங்கள் வெளியிட்ட இதழ்களையும் நுண்ணோக்கிப் படங்கள் நிறைந்த உயிரியல் இதழ்களையும் மட்டும் இப்போது தொடாதீர்கள்.

கேட்ட கட்டுரையை இரண்டு வேலை நாளில் ஸ்கேன் செய்து அனுப்புவது யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வாசகர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.