சிங்கப்பூரில் சிறு நிறுவனம் ஒன்று பயனர் சோதனைக்குப் பல்கலைக்கழக லேப்பைப் பயன்படுத்தினால் பலன் உண்டா?

கேள்வி கேட்டவர் சிறு நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். செயலி பாதி முடிந்திருக்கிறது. தெரிந்த பேராசிரியர் மூலம் பல்கலைக்கழகத்தில் ஒருவழிக் கண்ணாடி (பின்னறையில் இருப்பவர்கள் சோதனையைப் பார்க்கலாம், அவர்கள் இந்தப் பக்கம் தெரியமாட்டார்கள்), கேமராக்கள் வைத்த லேப் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே போய்ச் சோதிப்பது வீண் வேலையா, காப்பிக்கடையில் நாலு பேரிடம் காட்டினால் போதாதா என்கிறார். பணம் கையைக் கடிக்கிறது, முதலீட்டாளரிடம் காட்ட ஓர் அறிக்கையும் வேண்டும் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நிலைமை அதுதான்.

பலன் உண்டு. ஆனால் அந்த லேப்பில் விலைமதிப்பானது கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் நாலைந்து நாற்காலிகள்தான். அங்கே யாரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனைக் கையில் கொடுத்து யாரை உட்கார வைக்கிறீர்கள், இந்த இரண்டையும் பொறுத்தே எல்லாம். நாங்கள் முதல் தடவை இரண்டிலும் தவறினோம்.

நாங்கள் செய்தது, கிளினிக்கில் அப்பாயின்மென்ட் எடுக்கவும் மாதாந்திர மாத்திரைகளை வீட்டுக்கு வரவழைக்கவும் ஒரு செயலி. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தொடர்ந்து மருந்து சாப்பிடும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கானது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் இருக்கும். பல்கலைக்கழகத்தில் மாணவர்களையே பங்கேற்பாளர்களாகப் பிடித்துத் தரும் ஏற்பாடு இருந்தது. ஒரே வாரத்தில் 12 பேர் கிடைத்தார்கள். அத்தனை பேரும் 20, 22 வயதுப் பிள்ளைகள். எல்லாரும் எல்லாப் பணிகளையும் முடித்தார்கள். கடைசியில் எஸ்யூஎஸ் வினாத்தாளை நிரப்பச் சொன்னோம். தெரியாதவர்களுக்கு: ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க 1986இல் ஜான் புரூக் உருவாக்கியது, 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கணக்குப் போட்டால் 0 முதல் 100க்குள் ஒரு மதிப்பெண் வரும். 68ஐச் சராசரி என்பார்கள். எங்களுக்கு 86 வந்தது. அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டவள் நான்தான்.

அடுத்த மாதம் தோ பாயோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக் என்று சொல்லும் திறந்த இடத்தில் மேசை போட்டு, உண்மையான பெரியவர்களிடம் செயலியைக் கொடுத்தோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் உள்நுழையும் திரையையே தாண்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அலுவலகத்துக்கு வந்து சொன்னால் எங்கள் பொறியாளர்கள் நம்பவில்லை. அங்கே ஒரே சத்தம், நெட்வொர்க் சரியாகக் கிடைத்திருக்காது, லேப்பில் எல்லாம் நன்றாகத்தானே போனது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த 86ஐ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தானே.

அதனால் மறுபடி அதே லேப்பைக் கேட்டு வாங்கினோம். இந்தத் தடவை பங்கேற்பாளர்களை நாங்களே தேடினோம். முதியோர் நிலையங்களில் கேட்டு, கோயிலில் தெரிந்தவர்களிடம் கேட்டு, 61 முதல் 78 வயது வரை 9 பேர். போக வர டாக்சி, ஆளுக்கு 40 வெள்ளிக்குப் பொருள் வாங்க ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு. கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் பொறியாளர்கள் மூவரும் காலையிலிருந்து மாலை வரை இருந்தே ஆகவேண்டும், லேப்டாப் திறக்கக்கூடாது என்று முதலாளியிடம் பேசி ஒப்புதல் வாங்கினேன்.

மூன்றாவதாக வந்தவர் 72 வயது அம்மா. மூக்குக் கண்ணாடி சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கியது. போனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எண்ணைத் தட்டினார், ஓடிபி குறுஞ்செய்தி வந்தது. திரையின் மேலே ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அதைத் தேடிச் செய்திப் பக்கத்துக்குப் போனார், படித்தார், திரும்பி வந்தார். வந்து பார்த்தால் எங்கள் செயலி முதல் திரையில் நிற்கிறது, மறுபடி எண்ணைக் கேட்கிறது. மறுபடி தட்டினார். புது ஓடிபி வந்தது. மூன்றாவது தடவை அவர் என்ன செய்தார் தெரியுமா? மேசையில் இருந்த பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் ஆறு எண்களையும் எழுதிக்கொண்டார். பிறகு கையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐந்தாவது எண்ணுக்கு வரும்போது 60 விநாடி முடிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா, எனக்கு இதெல்லாம் சரியா வராது. எம்பொண்ணு இருந்தா செஞ்சு குடுத்துடுவா" என்றார்.

தப்பு உங்களுடையது இல்லை அம்மா, நாங்கள் செய்ததுதான் சரியில்லை என்று சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. வழக்கமாக நடத்துபவர் இப்படியெல்லாம் பேசக்கூடாது, முடிவைப் பாதிக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வராது.

இடைவேளையில் பின்னறைக்குப் போனேன். நெட்வொர்க்கைக் காரணம் சொன்ன பொறியாளர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரத்துக்குள் வேறு செயலிக்குப் போய்த் திரும்பினாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்படி மாற்றினார்கள், ஓடிபி தானாக வந்து நிரம்பியது, 60 விநாடி 5 நிமிடமானது. வாய்ட் டெக்கிலிருந்து நான் எழுதிய நாலு பக்கக் குறிப்பு செய்யாததை அந்த உள்ளங்கை செய்தது. லேப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், இதற்காகக் கொடுக்கலாம் என்பேன்.

லேப் இயல்பான சூழல் இல்லையே என்று யாராவது சொல்வார்கள். சரிதான். வீட்டில் பேரப்பிள்ளை பக்கத்தில் இருப்பான், தொலைக்காட்சி ஓடும், மூக்குக் கண்ணாடி எங்கேயோ கிடக்கும். அதைப் பார்க்க வீட்டுக்குத்தான் போகவேண்டும், நாங்களும் பிறகு போனோம். ஒரு முதியவர் வீட்டு வரவேற்பறைக்குள் ஐந்து பேர் நுழைந்து நிற்க முடியாது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது, அதையும் தருகிறோம் என்பார்கள். ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். அது கண்ணில் அகச்சிவப்பு ஒளியை அடித்து, கருவிழியில் பட்டுத் திரும்பும் புள்ளியை வைத்துப் பார்வை எங்கே போகிறது என்று கணக்கிடும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் புரோகிரசிவ், பைஃபோகல் கண்ணாடிக்காரர்களிடம் அடிக்கடித் தடுமாறும். பெரியவர்களில் பலர் அதைத்தானே போடுகிறார்கள்? ஒருவருக்குத் திரையில் தோன்றும் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி நான்கு தடவை அளவு சரிசெய்யப் பார்த்தார்கள். அவர் தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார். போதாததற்குப் போனை ஒரு தாங்கியில் பொருத்த வேண்டும். தள்ளிப் பிடித்துப் பார்ப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கருவியை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

நெறிமுறைக் குழு பற்றி. லேப்பை வெறுமனே வாடகைக்கு எடுப்பது ஒன்று, பேராசிரியரோடு கூட்டாய்வாகச் செய்வது வேறு. கூட்டாய்வு என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எங்களுக்கு 7 வாரம் ஆனது. அப்போது எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் பற்றுச்சீட்டு வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கும் தாளில் அடையாள அட்டை எண்ணுக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தோம், அதைப் பிடித்தது அந்தக் குழுதான். சட்டப்படி தேவை இருந்தாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அப்புறம், பதிவுகள் யாருக்குச் சொந்தம், பேராசிரியர் அதை வைத்துக் கட்டுரை எழுதலாமா, உங்கள் செயலியின் பெயர் அதில் வருமா என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேராசிரியர்கள் ஏமாற்றுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களோடு வேலை செய்தவர் மிக நேர்மையானவர். அவருக்கு வேண்டியது கட்டுரை, நமக்கு வேண்டியது அடுத்த வாரமே திருத்தம். இரண்டுக்கும் வேகம் வேறு.

ஐந்து பேர் போதும் என்று பயனர் சோதனையில் பெயர்பெற்ற ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனே சொல்லிவிட்டார், எதற்கு 9 பேர் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. அவரும் லாண்டவர் என்ற ஆய்வாளரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பார், ஐந்து பேரில் அது 85 சதவீதத்தை நெருங்கும். ஆனால் அந்த ஐவரும் ஒரே மாதிரிப் பயனர்களாக இருக்கவேண்டும். பயனர்கள் வேறு வேறு வகை என்றால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேராவது வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு மொழிகளில் செயலி வைத்துக்கொண்டு, ஐந்து பேரையும் ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு முடிந்தது என்றால் எப்படி?

இங்கேதான் எனக்கு வயிறு எரியும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேறொரு வேலையில், பங்கேற்பாளர்களைப் பிடித்துத் தரும் நிறுவனம் ஒன்றிடம் தமிழ்ப் பயனர்கள் மூவர் கேட்டிருந்தேன். வந்தவர்களில் இருவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஒருவர் வீட்டில் பேசுவது ஹிந்தி. ஏன் இப்படி என்று கேட்டால், "இந்தியர்கள்தானே கேட்டீர்கள்" என்றார்கள். நான் தமிழ் என்று எழுதியிருந்த மின்னஞ்சல் அவர்களிடம் இருந்தது. வந்த மூவர் மீது எந்தத் தப்பும் இல்லை, பாவம், வேலை நேரத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம். சிறிய எண்ணிக்கைதான். அதற்காக அதிகாரத்துவ மொழி ஒன்றைப் பெயருக்குப் பொத்தானில் ஒட்டிவிட்டு, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம்கூடக் காட்டாமல் வெளியிடலாமா? எங்கள் செயலியிலேயே மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் அப்பாயின்மென்ட்டுக்கு "நியமனம்" என்று போட்டிருந்தார்கள். கடைசிப் பொத்தானில் "சமர்ப்பி" என்று இருந்தது. உள்ளங்கையில் எழுதிய அதே அம்மா அதைப் பார்த்து, "யாருக்கும்மா சமர்ப்பிக்கணும்?" என்று கேட்டார். கோயிலுக்கு ஏதோ காணிக்கை கேட்கிறது என்று நினைத்திருக்கிறார். அதை "அனுப்பு" என்று மாற்ற எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேப்பை எடுங்கள். மாணவர்களை வைத்து ஒத்திகை மட்டும் பாருங்கள்: கேமரா ஓடுகிறதா, பணிகளை விளக்கும் தாள் புரிகிறதா என்று. உண்மையான சோதனைக்கு உங்கள் பயனர்களை நீங்களே அழைத்துப்போங்கள். பெரியவர்கள் என்றால் காலை 10 மணிக்கு வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும்படி அனுப்பிவிடுங்கள். குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

லேப்பை முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு தடவை நேரில் போய், டாக்சி நிற்கும் இடத்திலிருந்து அந்த நாற்காலி வரை நடந்து பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த லேப்புக்கு லிஃப்டை விட்டு இறங்கிய பிறகும் 11 படி ஏறவேண்டும். மாணவர்களை வைத்துச் சோதித்த வாரம் முழுக்க அந்தப் படிகள் என் கண்ணில் படவில்லை. 78 வயதுக்காரர் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றபோதுதான் எண்ணினேன்.